ஏரித் தண்ணீரில் ஸ்டெர்ன்டிரைவ்: சூடேறாமல் ஓட்டவும் கெடாமல் வைத்திருக்கவும்

எஞ்சின் படகுக்குள்ளும், புரொப்பல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்பலகைக்கு வெளியேயும் இருக்கும் அமைப்புதான் ஸ்டெர்ன்டிரைவ். அதைப் பற்றிக் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் கடலையும் பனிக்காலத்தையும் மனதில் வைத்து எழுதியவை. உப்பு அரிப்புக்குப் பல பக்கம், எஞ்சினுக்குள் தண்ணீர் உறையாமல் காப்பதற்கு இன்னும் பல பக்கம். சேலம் மாவட்டத்தில் இரண்டுமே கிடையாது. டிசம்பரில் ஏற்காட்டில் பல் கிட்டினாலும் ஏரி உறைவதில்லை. அதனாலேயே "நல்ல தண்ணிதானே, என்ன ஆகப்போகுது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இங்கே டிரைவைக் கெடுப்பவை வேறு: வண்டல், பாசி, பிளாஸ்டிக் பை, வலை நூல், மணிக்கணக்கில் மெதுவோட்டம். பராமரிப்பின் வரிசையை இவற்றுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

படகு அனுமதி, பதிவு, உயிர்காப்பு உடை விதிகள் பற்றி இங்கே பேசவில்லை. எஞ்சினும் டிரைவும் மட்டும்.

எது எங்கே இருக்கிறது

அவுட்போர்டில் எஞ்சின் முழுவதும் படகுக்கு வெளியே பின்பலகையில் தொங்கும். ஸ்டெர்ன்டிரைவில் எஞ்சின் படகுக்குள் பின்பக்கம் பெட்டிக்குள் இருக்கும்; வெளியே தெரிவது கால், அதாவது கியரும் புரொப்பல்லரும் உள்ள டிரைவ் மட்டும்தான். இரண்டையும் இணைப்பது யூ-ஜாயின்ட் (கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) வைத்த ஒரு ஷாப்ட். அது பின்பலகையில் உள்ள ஓட்டை வழியாகப் போகிறது. அந்த ஓட்டையைத் தண்ணீரிலிருந்து காப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழாய், பெல்லோஸ். அந்த ரப்பர் கிழிந்தால் படகே மூழ்கலாம். புதிதாக வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

தண்ணீர் போகும் பாதை: காலின் கீழ்ப்பகுதியில் இரு பக்கமும் உள்ள துவாரங்கள் வழியாக உள்ளே, அங்கிருந்து ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர் பம்ப், பிறகு தெர்மோஸ்டாட் பெட்டி, எஞ்சின் பிளாக், எக்ஸாஸ்ட் மேனிபோல்டு (எஞ்சின் புகை வெளியேறும் குழாய்த் தொகுதி). கடைசியில் புகையோடு கலந்து கால் வழியாக வெளியே. மெர்குரூசர் தயாரிப்பான ஆல்பா வகையில் பம்ப் காலுக்குள்ளேயே இருக்கிறது. பிராவோ வகையிலும் வோல்வோ பென்டாவிலும் அது எஞ்சினில் இருக்கிறது. வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எஞ்சினில் இருந்தால் இம்பெல்லர் மாற்றுவது கொஞ்ச நேர வேலை. காலுக்குள் இருந்தால் காலைப் பிரிக்க வேண்டும், அரை நாள் போய்விடும்.

அவுட்போர்டில் தண்ணீர் சுற்றுகிறதா என்று காட்ட ஒரு சின்னத் தாரை வெளியே பீய்ச்சும். ஸ்டெர்ன்டிரைவில் அந்த வசதி இல்லை. வெப்பமானியைப் பார்ப்பதுதான் வழி. முள் ஆடாத, எண் அழிந்த வெப்பமானியோடு ஒரு ஸ்டெர்ன்டிரைவை ஓட்டவே கூடாது.

மூன்று தண்ணீர், மூன்று தொல்லை

ஏற்காடு ஏரி சின்னது, ஓட்டம் குறுகியது, வேகம் குறைவு. மழைக்குப் பிறகு சரிவிலிருந்து செம்மண் இறங்கும். கரையோரம் பாசியும் குப்பையும் ஒதுங்கும். மெதுவோட்டத்தில் பம்ப் தள்ளும் தண்ணீரும் மெதுவாகவே போவதால், உள்ளே வரும் மண் வெளியே அடித்துச் செல்லப்படாமல் மேனிபோல்டின் அடியில் தங்கிவிடும்.

பூலாம்பட்டியில் கதவணையின் தேக்கத் தண்ணீர். நெரிஞ்சிப்பேட்டைக்குப் போய்வரும் படகுகள் ஓடும் இதுபோன்ற நீரில் மிதக்கும் செடிகளும் அவற்றின் வேர்களும்தான் தொல்லை. துவாரத்தின் மேல் ஒரு கொத்து ஒட்டினாலே பம்புக்குத் தண்ணீர் பாதியாகிவிடும்.

மேட்டூர் வேறு கதை. நீர்மட்டம் 120 அடியில் நிற்கும்போது கவலை குறைவு. இறங்க இறங்கக் கரை விலகி, வண்டல் மேடுகள் மேலே வரும். பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவது எல்லோருக்கும் தெரியும். அவை நன்றாக வெளியே தெரியும் நாட்களில் ஆபத்தில்லை. தண்ணீருக்கு ஓரடி கீழே மறைந்திருக்கும் நாட்களில்தான் காலின் அடித்தகடு போய் மோதும். போதாததற்கு மீனவர் வலை. நைலான் நூல் புரொப்பல்லர் ஷாப்டில் சுற்றினால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்ப்போம்.

கிளம்பும் முன்

பெட்ரோல் எஞ்சினாக இருந்தால், எஞ்சின் பெட்டியின் காற்றோட்ட விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் சாவியைத் தொடவே கூடாது. மூடிய பெட்டிக்குள் தேங்கிய ஆவிக்கு ஒரு பொறி போதும்.

பிறகு காலைச் சுற்றி ஒரு பார்வை. துவாரங்களில் ஏதும் ஒட்டியிருந்தால் கையால் எடுங்கள். கியர் ஆயில் குப்பி படகுக்குள் இருந்தால் மட்டம் பாருங்கள். மட்டம் குறைந்தாலும் தவறு, கூடியிருந்தாலும் தவறு. கூடியிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எஞ்சின் சூடாக இருக்கும்போது எண்ணெய் விரிந்து மட்டம் ஏறித் தெரியும் என்பதால், எப்போதும் ஆறியபின் பாருங்கள்.

கால் முழுதாகத் தண்ணீருக்குள் இறங்கிய பிறகுதான் ஸ்டார்ட். "ஒரு செகண்டு போட்டுப் பார்த்துட்டு அணைச்சிடலாம்" என்று கரையில் ஸ்டார்ட் செய்யும் பழக்கம் ஒரு இம்பெல்லரின் ஆயுளைத் தின்றுவிடும். இதழ்களை வழுக்க வைப்பதே தண்ணீர்தான். அது இல்லாவிட்டால் சில விநாடிகளில் ரப்பர் கருகத் தொடங்கும்.

ஓடத் தொடங்கியதும் வெப்பம் மெல்ல ஏறி ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஏரித் தண்ணீர் நேரடியாக எஞ்சினுக்குள் ஓடும் வகையில் தெர்மோஸ்டாட் சுமார் 60 டிகிரியில் திறக்கும். கூலன்ட் தனியாகச் சுற்றும் மூடிய வகையில் சுமார் 71 டிகிரி. உங்கள் படகில் முள் வழக்கமாக எங்கே நிற்கிறது என்று முகப்பில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். அலாரம் அடிக்கும் வரை காத்திருப்பது தாமதம்.

இம்பெல்லர்

வருடத்துக்கு ஒன்று, அல்லது 100 மணி நேரத்துக்கு ஒன்று, எது முதலில் வருகிறதோ அது. கலங்கல் தண்ணீரில் ஓடும் படகுக்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது. மண் துகள் பம்ப் உறையில் கோடு கிழிக்கும், இதழ் நுனியைத் தேய்க்கும். ஓடாமலே நின்ற படகுக்கும் மாற்ற வேண்டும், ஏனென்றால் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த இதழ் அப்படியே உறைந்துவிடும்.

எஞ்சினில் பம்ப் உள்ள வகைக்கு:

1. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். படகு தண்ணீரில் இருந்தால் பம்புக்கு வரும் குழாயை மூடுங்கள்.
2. பம்ப் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, பழைய இம்பெல்லரின் இதழ்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
3. இம்பெல்லரைக் குறடால் நேராக இழுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் உறையில் வடு விழும்.
4. இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் மூடாதீர்கள்.
5. உறையின் உட்புறத்திலும் மூடியிலும் நகத்தால் தடவுங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் கோடு இருந்தால் அந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டும்.
6. புதியதற்குக் கிளிசரின் அல்லது பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் தடவுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பரை ஊத வைக்கும். சுழலும் திசையிலேயே திருகிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள்.
7. புது கேஸ்கட் போட்டு மூடி, தண்ணீர் கொடுத்து ஓட்டிக் கசிவு பாருங்கள்.

நான்காவது படிதான் அதிகம் தவறும் இடம். உடைந்த இதழ் தண்ணீரோடு ஓடி, குழாய் வளைவிலோ, பவர் ஸ்டீயரிங் கூலரிலோ, தெர்மோஸ்டாட் பெட்டியிலோ போய் அடைத்துக்கொள்ளும். புது இம்பெல்லர் போட்ட பிறகும் எஞ்சின் சூடாகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் தேட வேண்டிய இடம் அது.

ஆல்பா வகையில் முதலில் கியர் ஆயிலை வடிக்க வேண்டும். காலின் கீழ்ப்பாதியைப் பிடித்திருக்கும் நட்டுகளோடு, பின்னால் உள்ள சின்னத் துடுப்புத் தகட்டுக்குள்ளே ஒரு போல்ட் ஒளிந்திருக்கும். தகட்டைக் கழற்றும் முன் அது எந்தக் கோணத்தில் இருந்தது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் திரும்பப் போட்டதும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். கழற்றும்போது கியர் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் மாட்ட வேண்டும். இம்பெல்லரை ஷாப்டோடு பிணைக்கும் சின்னச் சாவி கீழே விழுந்து காணாமல் போவது சகஜம். அடியில் ஒரு துணி விரித்துவிட்டு வேலை செய்யுங்கள்.

கியர் ஆயில்

காலுக்குள் இரண்டு இடத்தில் கியர் திரும்புகிறது, மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்ப்பகுதி தண்ணீருக்குள் இருப்பதால் தானே குளிர்ந்துவிடும். மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே இருக்கிறது. அதிக சக்தியில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் கருகி, தீய்ந்த வாடை வரும். மேல்பகுதியில் தண்ணீர் தெளிக்கும் இணைப்பு ஒன்று தனியாக விற்கிறார்கள். பெரிய எஞ்சினில் வேகமாகப் பறப்பவர்களுக்கு அது பயன்படும். ஏற்காட்டிலோ பூலாம்பட்டியிலோ ஓடும் படகுக்கு அது தண்டச் செலவு.

மாற்றும் கெடு 100 மணி நேரம் அல்லது ஒரு வருடம். 80டபிள்யூ-90 அல்லது 90 தர மரைன் கியர் ஆயில், டிரைவைப் பொறுத்து 2 முதல் 3 லிட்டர். லாரிக்கு ஊற்றும் கியர் ஆயில் அதே எண்ணில் மலிவாகக் கிடைக்கும். மரைன் வகையில் சிறிது தண்ணீர் புகுந்தாலும் கியரைக் காக்கும் சேர்மானம் இருக்கிறது, அந்த விலை வித்தியாசத்தில் கை வைக்காதீர்கள்.

காலைச் செங்குத்தாக இறக்கி ஒரு இரவு அப்படியே விடுங்கள். காலையில், மேல் ஸ்குரூவைத் தொடாமல், கீழ் ஸ்குரூவை மட்டும் கொஞ்சம் தளர்த்தி முதலில் வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் இறங்கியிருக்கும், அதுதான் முதலில் வரும். எண்ணெய் தெளிவாக இருந்தால் நல்லது. பால் காபி நிறத்தில் வந்தால் ஏதோ ஒரு சீல் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. ஸ்குரூ நுனியில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியதைத் துடைத்து விரலில் தேயுங்கள். மாவாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். குத்தும் சில்லாக இருந்தால் கியர் உடைகிறது, இனி ஓட்டக் கூடாது.

பிறகு மேல் ஸ்குரூவையும் எடுத்து முழுதாக வடியுங்கள். நிரப்புவது கீழிருந்து மேலே, பம்ப் வைத்து. மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கி, நிரம்பியது போல ஏமாற்றும். மேல் துவாரத்தில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழிந்ததும் முதலில் மேல் ஸ்குரூவை மூடுங்கள், பிறகு பம்பை எடுத்துவிட்டுச் சட்டென்று கீழ் ஸ்குரூ. இரண்டுக்கும் புது வாஷர். இந்தச் சில ரூபாய் வாஷரை மிச்சம் பிடித்துத்தான் பல டிரைவுகளில் தண்ணீர் புகுகிறது.

பால் நிறம் வந்தால் காலியான காலுக்குள் கைப்பம்பால் 10 பிஎஸ்ஐ அளவு காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். குமிழி வரும் இடமே கசிவு. பெரும்பாலும் அது புரொப்பல்லர் ஷாப்ட் சீல். குற்றவாளி வலை நூல். ஷாப்டில் சுற்றிய நூல் சூட்டில் இறுகி, சீலின் உதட்டை அறுத்துவிடும். மேட்டூரில் ஓடும் படகுக்கு மாதம் ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றி, அதன் பின்னால் உள்ள தடித்த வாஷருக்கு உள்பக்கம் பாருங்கள். நூல் இருந்தால் கத்தியால் ஷாப்டைக் கீறாமல் வெட்டி எடுங்கள். திரும்ப மாட்டும்போது ஷாப்டின் பற்களில் மரைன் கிரீஸ் தடவி நட்டை இறுக்குங்கள். மெர்குரூசரில் குறைந்தது 75 நியூட்டன் மீட்டர், பிறகு பூட்டுத் தகட்டை மடக்குங்கள்.

சாதாரண அளவு ஆயில் சீல்கள் சேலத்துப் பேரிங் கடைகளிலேயே கிடைக்கும். பழைய சீலின் மேல் உள்ள எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். இம்பெல்லர், பெல்லோஸ் போன்றவை சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வர வேண்டியிருக்கும். மே மாதம் கோடை விழா நேரத்தில் ஆர்டர் போட்டுக் காத்திருப்பதைவிட, ஒரு இம்பெல்லரும் ஒரு செட் வாஷரும் எப்போதும் கைவசம் வைத்திருப்பது நல்லது.

பெல்லோஸ்

காலைத் தூக்கி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, டார்ச் அடித்து ரப்பர் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். பிறகு மறுபக்கம். விரிசல் எப்போதும் மடிப்பின் பள்ளத்தில்தான் தொடங்கும், வெளியே பார்த்தால் தெரியாது. யூ-ஜாயின்டுக்கு ஒன்று, கியர் கேபிளுக்கு ஒன்று, பல மாடல்களில் புகைக்கு ஒன்று. கரையில் நிறுத்திய படகில் எலி கடிக்கவும் வாய்ப்புண்டு. விரிசல் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். தெரியாவிட்டாலும் தயாரிப்பாளர் சொன்ன கெடுவைத் தாண்டாதீர்கள்.

படகைத் தண்ணீரில் கட்டிவைக்கும்போது காலை இறக்கியே வையுங்கள். தூக்கிய நிலையில் ரப்பர் ஒரு பக்கம் இழுபட்டு நிற்கும், சீக்கிரம் வெடிக்கும். ஆழமில்லாத இடத்தில் கட்டினால் இது முடியாது, எனவே கட்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் பராமரிப்புதான்.

திருப்பும்போது உறுமல் சத்தம் வந்தால் கிம்பல் பேரிங்கில் (பின்பலகையில் ஷாப்டைத் தாங்கும் பேரிங்) தண்ணீர் போயிருக்கலாம். கிரீஸ் நிப்பிள் இருந்தால் கைக் கன்னால் கிரீஸ் அடியுங்கள். சில புது பேரிங்குகள் மூடியவை, அவற்றுக்குத் தேவையில்லை.

ஆனோடு

காலில் பொருத்திய உலோகக் கட்டிகள், அலுமினிய உடல் அரிக்காமல் தாங்கள் கரைந்து காப்பவை. கடற்கரையிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்த படகில் துத்தநாகம் இருக்கலாம். ஏரித் தண்ணீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் படிந்து அது வேலையை நிறுத்திவிடும். பார்க்க முழுசாக இருக்கும், அதனால் நன்றாக இருப்பதாகத் தோன்றும். நல்ல தண்ணீருக்கு மெக்னீசியம் ஆனோடு போடுங்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள், மேலே பெயின்ட் அடிக்காதீர்கள்.

மலை உயரம்

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். காற்று மெலிவதால் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் வீதம் சக்தி குறையும். கீழே நன்றாக ஓடிய படகு மேலே முக்குவது இதனால்தான். பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேறும் தூரம்) ஓரிரு அங்குலம் குறைந்த புரொப்பல்லர் போட்டால் எஞ்சின் சுலபமாகச் சுழலும். கார்புரேட்டர் வகையில் பெட்ரோல் கூடி பிளக் கருக்கும், ஜெட்டை (பெட்ரோல் வரும் துளைத் துண்டு) மாற்ற வேண்டும். இன்ஜெக்ஷன் வகை தானே சரிசெய்துகொள்ளும்.

இன்னொன்று: அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்த மூடி இல்லாத நேரடி வகையில், அதிக வெப்பம் ஏறினால் நீராவி உருவாகும் எல்லை மேட்டூரைவிட நெருக்கம்.

சூடேறினால்

வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள். துவாரத்தில் செடி ஒட்டியிருந்தால் கொஞ்சம் ரிவர்ஸ் கொடுத்தாலே கழன்றுவிடும். ஒரு நிமிடத்தில் முள் இறங்காவிட்டால் எஞ்சினை அணைத்து, காலைத் தூக்கிப் பாருங்கள். சூடான எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு வெடிக்கும்.

வேகத்தில் மட்டும் சூடானால் துவார அடைப்பு, தேய்ந்த இம்பெல்லர், அல்லது உள்பக்கம் உரிந்து ஒட்டிக்கொள்ளும் குழாய். மெதுவோட்டத்திலேயே சூடானால் இம்பெல்லரோ, திறக்காத தெர்மோஸ்டாட்டோ, உறிஞ்சும் பக்கம் காற்றுக் கசிவோ. தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். அதில் பொறித்த வெப்பத்தை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். இரண்டு மேனிபோல்டில் ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அந்தப் பக்கம் மண் அடைப்பு. அடியில் உள்ள வடிகால் பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீர் வராவிட்டால் காலி என்று நினைக்காதீர்கள், ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். முதலில் களிமண் கட்டியாக வரும், அப்புறம்தான் தண்ணீர் பீய்ச்சும்.

கழுவுதல், நிறுத்திவைத்தல்

கலங்கல் தண்ணீரில் ஓடிய நாளெல்லாம் உள்பக்கம் கழுவ வேண்டும். துவாரங்களின் மேல் ரப்பர்க் கிண்ணம் மாட்டி, புரொப்பல்லரைக் கழற்றி, முதலில் தண்ணீரைத் திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் மெதுவோட்டத்தில் 10 நிமிடம். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்க்கு வேகம் போதாது. டிரம்மில் நிரப்பி ஒரு அரை ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டாரில் கொடுங்கள். குழாய் சப்பினால் தண்ணீர் போதவில்லை, உடனே அணையுங்கள். அணைக்கும்போது எஞ்சின் முதலில், தண்ணீர் பிறகு.

சீசன் முடிந்து நிறுத்தும்போது உறையும் பயத்துக்காக ஆன்டிஃப்ரீஸ் ஏற்ற வேண்டாம். வடிகால் பிளக்குகளைத் திறந்து தண்ணீரையும் மண்ணையும் வெளியேற்றினால் போதும். மூடிய வகையில் மட்டும் கூலன்ட் கட்டாயம் இருக்க வேண்டும். துருவைத் தடுப்பது அதுதான், வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மலைக்கு டிரெய்லரில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் காலைத் தூக்கி, அதற்கான தாங்கியோ கிளிப்போ மாட்டுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பினால் 20 கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ரோட்டில் உரசும். இறங்கும் வழியில் டிரெய்லர் பிரேக்கும் சக்கர ஹப்பும் சூடாகும். பாதி வழியில் நிறுத்தி ஹப்பின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பேரிங்கை அடிவாரத்தில் கழற்றிப் பார்த்துவிட்டு மேட்டூருக்கு வண்டியை எடுங்கள்.